பூமிசாஸ்திரத்திலிருந்து புவியியலுக்கு: எமது உயர்தர வகுப்பு ஒன்றின் வரலாறு

நூற்றாண்டு மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். அங்கேதான் தவளையை வெட்டிப் பழகினேன். அங்கிருந்துதான் மருத்துவபீடத்துக்கும் போனேன். ஆனால் நான் எழுத விரும்புவது, நான் ஒரு நாளும் மாணவியாக இருக்காத வகுப்பைப் பற்றி. மேல்மாடியின் கடைசி அறை, சுருட்டிய படத்தாள்கள் அடுக்கிய மர அலுமாரி, சுவரில் மங்கிப்போன உலகப்படம். உயர்தரப் புவியியல் வகுப்பு.

காரணம் இதுதான். அண்மையில் அந்த அறையை வேறு தேவைக்காக ஒழித்தபோது, சங்கத்தின் சார்பில் உதவிக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. அலுமாரியின் அடித்தட்டில், பழைய பத்திரிகைகளுக்குக் கீழே, நூலால் கட்டிய பதினொரு கொப்பிகள் கிடந்தன. எறிவதற்கென்று ஒதுக்கிய குவியலில் அவையும் சேர்ந்துவிட்டன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். பிறகு பதினொன்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவற்றில் என்ன இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் கொப்பிகளும், எண்பது வயதைக் கடந்த அக்காமார் சிலர் சொன்னவையும், ஓய்வுபெற்ற எமது புவியியல் ரீச்சர் சொன்னவையுமே இக்கட்டுரைக்கு ஆதாரம். ரீச்சர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படித்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

லங்காஷயரும் வழுக்கையாறும்

மூத்த அக்காமார் இன்றும் புவியியல் என்று சொல்வதில்லை. பூமிசாஸ்திரம் என்றே சொல்கிறார்கள். அவர்கள் அதை ஆங்கிலத்தில் படித்தார்கள். பிரித்தானியத் தீவுகளின் நிலக்கரி வயல்கள், லங்காஷயரின் பருத்தி ஆலைகள், கனடாவின் கோதுமை. இலங்கையைப் பற்றி அக்காலத்தில் படிக்கக் கிடைத்த முக்கியமான நூல் ஒரு பெண் எழுதியது. எல்சி குக் எழுதிய இலங்கைப் புவியியல் நூல் 1931இல் வெளிவந்தது. பின்னர் 1951இல் அதைத் திருத்தி விரித்து வெளியிட்டவர் பேராசிரியர் கா. குலரத்தினம். பேராதனையில் புவியியல் கற்பித்த தமிழர் அவர்.

எமது கல்லூரியில் அந்நாளில் இப்பாடத்தை உயர்வகுப்பில் எடுப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்ததாக ஓர் அக்கா சொன்னார். பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க முழுமையான ஆய்வுகூடம் அப்போது எமக்கு இல்லை. கையால் தொட்டு, அளந்து, பதிந்து படிக்க விரும்பிய பிள்ளைகளுக்கு மிஞ்சியது பூமிசாஸ்திர வகுப்புத்தான். அங்கே மழைமானி இருந்தது. பாரமானி இருந்தது. சுண்ணக்கல், கருங்கல், களிமண் என்று ஒரு பெட்டி நிறையக் கற்கள் இருந்தன. காலை ஏழரை மணிக்கு மழைமானியை வாசித்துப் பதிவது ஒரு மாணவியின் முறை. ஆகவே கலைப்பிரிவுக்குள்ளே ஒளிந்திருந்த விஞ்ஞான வகுப்பாக அது இருந்திருக்கிறது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பமானது. 1952இல் கலைப்பீடம் பேராதனைக்குப் போனபின், எமது அக்காமார் சிலர் அங்கு புவியியல் படிக்கச் சென்றார்கள். பொல்காவலையில் இறங்கி மலைநாட்டுப் புகையிரதத்துக்கு மாறி, கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சுவாங்கி ஏறும்போதுதான் அவர்களிற் பலர் வாழ்நாளில் முதன்முதலாக மலையைக் கண்டார்களாம். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அந்த மலைகளைச் சமவுயரக்கோடுகளாக வரைந்து, குறுக்குவெட்டுமுகம் எடுத்துப் புள்ளி வாங்கியவர்கள் அவர்கள்.

இதை வெளியூர்க்காரர் எளிதில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தைக் கொண்ட படத்தாள்களிலே சமவுயரக்கோடுகள் 100 அடிக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். எங்கள் குடாநாட்டிலோ 100 அடி உயரமான நிலம் எங்குமே இல்லை. ஆகவே எங்கள் ஊரின் படத்தாளில் ஒரு சமவுயரக்கோடுகூட இல்லை. கோடு வாசிக்கப் பழக வேண்டுமானால் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும்தான் போக வேண்டும், தாளில்.

தமிழுக்கு வந்த பாடம்

சுதேச மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறி, 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கலைத்துறை வரை வந்தது. அந்த மாற்றத்தின் சுமையை முதலில் தாங்கியவர்கள் ஆசிரியைகள். நேற்று வரை ஆங்கிலத்தில் சொன்னதை இன்று தமிழில் சொல்ல வேண்டும். அரசாங்கம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதி கையில் இருந்தது. சமவுயரக்கோடு, அளவுத்திட்டம், மழைவீழ்ச்சி, இடவிளக்கப்படம், கடனீரேரி என்று இன்று நாம் யோசிக்காமல் பாவிக்கும் சொற்கள் அப்போது வகுப்பிலே பழக்கப்பட்டவை. பூமிசாஸ்திரம் என்ற பெயரும் மெல்ல மெல்லப் புவியியல் ஆயிற்று. புத்தகம் போதாதபோது ஆசிரியை இரவிலே மொழிபெயர்த்து, அடுத்த நாள் றோணியோ பிரதியாகக் கொடுத்த குறிப்புகளில் சில தாள்கள் அந்த அலுமாரியிலும் இருந்தன. மை ஊறி, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிறது.

பின்னர் தமிழிலேயே நூல்கள் வந்தன. எங்கள் தலைமுறைக்குப் புவியியல் என்றால் க. குணராசாவின் புத்தகங்கள்தான். செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவரும் அவரே. அவருடைய ‘வாடைக்காற்று’ நாவலின் பெயரே ஒரு பருவக்காற்றின் பெயர். நெடுந்தீவுக்குப் பருவத்துக்கு வந்து வாடி அடிக்கும் மீனவரின் கதை. புவியியல் படிக்காத என்னைப் போன்றவர்களும் அந்தப் பாடத்தை அவருடைய கதைகளின் வழியாகக் கொஞ்சம் படித்துவிட்டோம்.

1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் திறக்கப்பட்டது இந்தக் கதையில் பெரிய திருப்பம். பேராதனைக்குப் பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கிய பெற்றோர்கள், சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் பல்கலைக்கழகம் வந்தபோது சம்மதித்தார்கள். அங்கே பேராசிரியர் சோ. செல்வநாயகம் போன்றோர் புவியியல் கற்பித்தார்கள். எமது கல்லூரியிலிருந்து போய், பட்டம் பெற்று, எமது கல்லூரிக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தவர்கள் உண்டு. எமது ரீச்சர் அவர்களில் ஒருவர்.

பதினொரு கொப்பிகள்

அந்தக் கொப்பிகள் 1970களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் முற்பகுதி வரையானவை. வெளிக்கள வேலைக்காக மாணவிகள் எழுதியவை. முழுக்க முழுக்கக் கிணறுகள்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கிணறு. ஊர், காணியின் குறிச்சிப் பெயர், கட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி, அடிவரை எத்தனை அடி, நன்னீரா உவரா, துலாவா நீரிறைக்கும் இயந்திரமா, என்ன பயிர், மலசலகூடம் எவ்வளவு தூரத்தில். கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி, அராலி. கயிற்றிலே கல்லைக் கட்டி இறக்கி அளந்திருக்கிறார்கள். சுவை என்ற நிரலில் ‘நல்லது’, ‘கொஞ்சம் சவர்’, ‘மாடும் குடிக்காது’ என்று எழுதியிருக்கிறது.

இதை ஏன் அளந்தார்கள் என்று ரீச்சரிடம் கேட்டேன். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியிலே கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரை எமக்குச் சேமித்துத் தருவது நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல். மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மழைநீர் அதனுள் இறங்கி, பாரம் கூடிய கடல்நீரின் மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான்.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கம் யோசித்தால், இயந்திரம் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி குறைத்தால், உவர்நீர் கீழிருந்து 40 அடி வரை ஏற இடமுண்டு. துலாவுக்குப் பதில் இயந்திரம் வந்த காலத்திலே ரீச்சர் பிள்ளைகளைக் கிணறு அளக்க அனுப்பியது இதற்காக. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தையும் அந்தப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். வன்னியிலிருந்து ஆனையிறவுக் கடனீரேரிக்கு வரும் மாரி நீரை மறித்து நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவரும் யோசனை அது. ஒரு கொப்பியின் பின்னட்டையில் அதன் படம் பென்சிலால் வரையப்பட்டிருக்கிறது.

எரிந்த தாள்கள்

நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியது 1995இல். என் பக்கத்து வாங்கில் இருந்த தோழியும் நானும் சாதாரண தரத்தில் ஒரேமாதிரிப் பெறுபேறு எடுத்தவர்கள். இருவருக்குமே புவியியலில் விருப்பம். நல்ல பெறுபேற்றை வீணாக்காதே என்று இருவருக்கும் சொல்லப்பட்டது. நான் கேட்டேன். அவள் கேட்கவில்லை. அக்காலத்தில் உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். நான் தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம் என்று போனேன். அவள் கலைப்பிரிவுக்குப் போனாள்.

1990 முதல் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் எல்லாரும் படித்தோம். என் பாடங்களுக்கு அந்த வெளிச்சம் போதும். சமவுயரக்கோடு வாசிக்கப் போதாது. பகலிலேயே படத்தை வாசித்து முடிக்க வேண்டும் என்று அவள் ஓடுவது நினைவிருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து, மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. என்னென்ன எடுத்தோம், என்னென்ன விட்டோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. எமது ரீச்சர் எடுத்தவற்றில் ஒன்று, பாய்க்குள்ளே சுற்றிச் சைக்கிளில் கட்டிய படத்தாள்கள். பரீட்சையில் இடவிளக்கப்பட வினா கட்டாயம் வரும். தாள் இல்லாமல் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதே அவருடைய யோசனை. தென்மராட்சியில், தான் தங்கியிருந்த வீட்டு மாமரத்தின் கீழே, தேடி வந்த ஏழு பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு எடுத்தார். என் தோழி அதில் ஒருத்தி.

1996 சித்திரையில் சனம் திரும்பவும் வலிகாமத்துக்கு வரத் தொடங்கியது. வழியெல்லாம் சோதனை. வரைபடம் வைத்திருக்கும் ஒருவரை அந்நாளில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புறப்படுவதற்கு முதல்நாள், ரீச்சர் தாள்களை இரண்டாகப் பிரித்தார். குடாநாட்டையும் ஆனையிறவையும் காட்டிய தாள்களை அடுப்பிலே வைத்தார். அட்டனையும் நுவரெலியாவையும் மட்டும் பாய்க்குள் சுற்றிக்கொண்டு வந்தார். மலைநாட்டுப் படம் வைத்திருந்தால் ஆசிரியை என்று நம்புவார்கள் என்று நினைத்தாராம். நம்பினார்கள்.

அதனால்தான் இன்று எமது கல்லூரி அலுமாரியில் மலைநாட்டின் பழைய தாள்கள் இருக்கின்றன. எங்கள் ஊரின் தாள் இல்லை. எரித்ததைப் பற்றிச் சொல்லும்போது ரீச்சர் அழவில்லை. அரசாங்கத் தாள் திரும்ப வாங்கலாம் என்றார். அந்தக் கிணற்றுக் கொப்பிகளும் போய்விட்டன என்று நினைத்துத்தான் தனக்குப் பல நாள் நித்திரை வரவில்லை என்றார். அவை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தன என்று நான் சொன்னபோது, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

தோழி 1997இல் பரீட்சை எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இப்போது வன்னியில் ஒரு பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறாள்.

மருத்துவருக்குத் தெரியாமல் போனது

மருத்துவபீடத்தில் சமுதாய மருத்துவம் படிக்கும்போது முதன்முதலில் காட்டப்படும் படங்களில் ஒன்று, 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் சினோ வரைந்த படம். இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தபோது, அவை ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றித் திரண்டிருந்தன. விரிவுரை முடிந்து வந்து தோழிக்குப் பெருமையாகச் சொன்னேன். அது புள்ளிப்படம், நாங்கள் உயர்தரத்திலேயே வரைந்தோம் என்றாள்.

எங்கள் நாட்டிலும் பாடம் உண்டு. 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. வழக்கமாக மலேரியா இருந்த உலர்வலயத்தைவிட, கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளே மோசமாகப் பாதிக்கப்பட்டன. தென்மேல் பருவமழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. முன்பு அந்நோய் அதிகம் காணாத மக்களிடம் எதிர்ப்புச்சக்தி இருக்கவில்லை. மழை, ஆறு, வலயம் மூன்றும் தெரியாமல் இந்தச் சாவை விளங்க முடியாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது, அதன் பின்னால் மருந்து மட்டுமல்ல, எந்த ஊரில் எந்த நீர்நிலை என்று பதிந்து வைத்த பல்லாண்டு வேலையும் இருந்தது.

இன்று என் சிகிச்சை அறையிலும் கேள்வி நிலத்துக்கே போகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது 1980களிலேயே ஆய்வுகளில் காட்டப்பட்டது. தோட்டத்துக்கு இடும் பசளையும், கிணற்றுக்கு அருகிலுள்ள மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணம். வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல் மழைநீரை எவ்வளவு விரைவாக உள்ளே விடுகிறதோ, அவ்வளவு விரைவாக அழுக்கையும் விடுகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. பிள்ளைத்தாய்ச்சிகளிடம் நான் இப்போது கேட்பது: எந்த ஊர், எந்தக் கிணறு, தோட்டம் எவ்வளவு தூரம், மலசலகூடம் எவ்வளவு தூரம்?

கொப்பிகளைத் திறந்தபோது, என் கேள்விகள் ஒவ்வொன்றும் அங்கே நிரலாகக் கோடிட்டு இருந்தன. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டு எழுதியவை.

இனி

2000ஆம் ஆண்டிலிருந்து உயர்தரத்துக்கு மூன்று பாடங்கள். நான்காவது பாடமாகப் புவியியலைச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள் அத்துடன் குறைந்தார்கள். புதிய பாடங்களும் பிரிவுகளும் வந்துவிட்டன. எமது கல்லூரியில் இந்த ஆண்டு உயர்தரப் புவியியல் எடுப்பவர்கள் ஐந்து பேர். இன்னும் குறைந்தால் வகுப்பை நடத்துவது கடினம் என்று அதிபர் அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் குறைசொல்ல முடியாது. நல்ல பிள்ளைகளை அந்தப் பாடத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லி வந்தவர்கள் நாங்கள்தான், வீட்டிலும் வகுப்பிலும். நானும் என் மகளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, குடாநாட்டின் இன்றைய படத்தாள்களை வாங்கி, எரிந்தவற்றின் இடத்தில் வைப்போம். இரண்டாவது, ஒரு மழைமானி வாங்குவோம். மூன்றாவதுதான் முக்கியம். கொப்பிகளில் உள்ள அதே கிணறுகளை, உயர்தர மாணவிகள் ஆண்டுக்கொரு தடவை மீண்டும் போய் அளக்கட்டும். வாகனச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். நீர் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் செலவும் ஒழுங்கும் என் பொறுப்பு. இன்றைய பாடத்திட்டத்தில் புவியியல் தகவல் முறைமையும் இருக்கிறது. அந்தப் பழைய அளவுகளைக் கணினியிலே படமாக்க எங்கள் பிள்ளைகளுக்கு முடியும்.

கொப்பிகள் பதினொன்றும் கல்லூரி நூலகரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. முதற் கொப்பியின் முதற் பக்கத்திலுள்ள கிணறு கோண்டாவிலில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். துலா இல்லை, கட்டு புதிது, வீட்டுக்காரரும் வேறு ஆட்கள். ரீச்சர் வாளியால் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கொப்பியில் ‘நல்லது’ என்று இருந்தது. கொஞ்சம் சவர் என்றார்.